முந்தின நாளின் மழைக்கணிப்பு

றெக்சன் அண்ணனைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் முதலில் நல்லதைத்தான் சொல்வேன். எடுத்த எடுப்பிலேயே கெட்டதைச் சொன்னால், "லொறிக்கார ஹுஸ்னி மனசில வெச்சிக்கிட்டுக் கதைக்கிறான்" என்பார்கள். மனதில் வைத்திருக்கிறேன்தான். அதை ஒளித்து வைக்க எனக்கென்ன தலையெழுத்து? ஆனாலும் நல்லது நல்லதுதானே.

அவர் பிறந்தது உக்குவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தகப்பன் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். தாய் சவரியம்மா கொழுந்து பறித்துத்தான் பிள்ளையைப் படிக்க வைத்தார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில்தான் நானும் மூன்று வகுப்புக் கீழே படித்தேன். படித்தேன் என்பது ஒரு பேச்சுக்கு. போய் வந்தேன் என்பதுதான் சரி. எங்கள் கணக்கு வாத்தியார் என்னைத் திட்டும்போதெல்லாம் றெக்சனின் பரீட்சைத் தாளைத் தூக்கிக் காட்டுவார். "பார்றா, ஒரு கேள்விக்காவது எடத்த சும்மா விட்டிருக்கானா? தெரியாட்டியும் எதையாவது எழுதியிருக்கான். நீ பேர மட்டும் எழுதி வெச்சிருக்க."

சவரியம்மாவுக்கும் அதில் தாங்க முடியாத பெருமை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாராவது அகப்பட்டால் போதும், "எம் புள்ள வாயில தெரியாதுங்குற வார்த்தையே வராதுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தக் குணத்தை ஊரே மெச்சியது. நானும் சேர்ந்துதான் மெச்சினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பல்கலைக்கழகம் போனார், கொழும்பில் பெரிய கம்பனி ஒன்றில் கணினிகளைப் பராமரிக்கிற வேலை பார்த்தார். அந்தச் சமயம் மாத்தளை டவுனுக்கு வெளியே ஓர் ஆய்வு நிலையத்தில், மழையையும் மண்சரிவையும் முன்கூட்டிக் கணக்கிடுவதற்கு ஒரு பெரிய கணினித் தொகுதி அமைக்கப்போவதாகச் சொன்னார்கள். அதை நிறுவி ஓட்டுவதற்கு ஆள் தேடினார்கள். றெக்சன் அண்ணன் கொழும்பை விட்டு வந்துவிட்டார். தாயைத் தோட்டத்திலிருந்து இறக்கிக் கூட்டிவந்து, உக்குவளையில் என் மூத்த சகோதரியின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார்.

கொழும்பிலிருந்து அந்தப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தது என் லொறிதான். ஒவ்வொரு கணினியும் தட்டையாக, கேக் பெட்டி அளவில், ஆனால் தூக்கினால் இடுப்பு ஒடிகிற பாரம். இறக்கும்போது அண்ணன் என் பின்னாலேயே வந்து உயிரை வாங்கினார்.

"தம்பி, மெதுவா. முட்டை கொண்டு போற மாதிரி போங்க."

"முட்டை ஒடஞ்சா ஓம்லெட் போடலாம் அண்ணன். இது ஒடஞ்சா என்னத்த போடுற?"

அவர் சிரிக்கவில்லை. அந்த அறைக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டார். இரும்புத் தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக முப்பத்திரண்டு கணினிகளை ஏற்றினார். ஒவ்வொன்றிலிருந்தும் நீலக் கம்பி இழுத்து, கம்பியின் இரண்டு முனையிலும் இலக்கம் ஒட்டினார். கரண்ட் போனால் தாங்குவதற்குப் பற்றரி, பற்றரிக்குப் பின்னால் ஜெனரேற்றர், சூட்டைத் தணிக்க இரண்டு ஏ.சி. என்று மாதக்கணக்கில் அதுவே கதி. எல்லாக் கணினியின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டவேண்டும், ஒன்று சுணங்கினாலும் மற்ற முப்பத்தொன்றும் அதற்காகக் காத்துக் கிடக்கும் என்று எனக்குச் சொன்னார். எங்கள் ஊர் பஸ் நிலையத்தை நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சவரியம்மா, பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்று பார்க்கவேண்டுமென்று அடம்பிடித்தார். நான்தான் லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே மின்னுகிற பச்சை வெளிச்சங்களை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"இத்தன பொட்டியும் என்னத்துக்குப்பா? ஒண்ணு போதாதா?"

"மலை முழுக்க ஒரு ஆளு கொழுந்து எடுக்க முடியுமாம்மா? காலையில பெரட்டுல எல்லாரையும் நிறுத்தி கங்காணி ஆளுக்கொரு நிரை குடுப்பாரு இல்ல? அதே மாதிரிதான். இந்த மலைய துண்டு துண்டா பிரிச்சு, ஒரு துண்டுக்கு ஒரு மெஷின். காத்து எங்க போகுது, மேகம் எங்க நிக்குதுன்னு அது கணக்கு போடும். போட்டுட்டு பக்கத்து மெஷினுக்கும் சொல்லும். எல்லாத்தையும் சேத்தா நாளைக்கு எங்க மழைன்னு வரும்."

"அப்ப நீதான் கங்காணியா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."

கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கள எத்தன கங்காணி என்னென்ன பேச்சு பேசியிருப்பானுங்க. நீ யாரையும் பேசாதப்பா" என்றார். "பொட்டிய யாரும்மா பேசுவாங்க" என்று அண்ணன் சொன்னார்.

பேச்சு வாங்கியது அண்ணன்தான். இது எனக்குப் பிற்பாடு அவர் வாயாலேயே தெரியவந்த சங்கதி. ஆனாலும் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் அந்த இடத்தைப் பார்க்க வந்தார்கள். நிலையத் தலைவரான பணிப்பாளர் பெரிய திரையில் அன்றைய மழைக்கணிப்புப் பக்கத்தைத் திறந்தார். பக்கம் வெறுமையாக இருந்தது. முதல்நாள் இரவு ஓடவேண்டிய கணக்கு ஏதோ கோளாறில் நின்றுபோயிருந்தது. "இதுக்கா ஒங்களுக்கு இவ்வளவு பெரிய மெஷின்?" என்று வந்தவர்களுக்கு முன்னாலேயே பணிப்பாளர் கேட்டாராம். அவர்கள் சிரித்தார்களாம். அண்ணனுக்குக் காது மடல் வரை எரிந்ததாம். அன்று பின்னேரமே கணினிக்குக் கொடுக்கும் கட்டளைகளில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்: இன்றைய கணக்கு முடியாவிட்டால் நேற்றைய கணக்கை எடுத்து, இன்றைய தேதியைப் போட்டுக் காட்டு.

ஒரு வரிதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு நாளும் வெறுமையாக இருக்கவில்லை. பணிப்பாளரும் வாய் திறக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிடவேண்டும், எடுத்துவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே அண்ணன் எடுக்காமல் விட்டுவிட்டார்.

ஊருக்குள் இதற்கிடையில் அவர் 'மழை றெக்சன்' ஆகிவிட்டார். மிளகு காயப்போடுகிறவர், கந்தூரிக்குப் பந்தல் போடுகிறவர், திருநாளுக்கு மாதா சுருவத்தை ஊர்வலமாக எடுக்கிறவர், கிரிக்கெற் மட்ச் வைக்கிற பொடியன்மார் என்று ஆள்மாறி ஆள் அவருக்குத்தான் போனில் கோல் எடுப்பார்கள். ஆரம்பத்தில், "நான் மெஷின் பாக்குற ஆளுங்க, மழை பாக்குறது வேற ஆளுங்க" என்று சொல்லித்தான் பார்த்தார். பிறகு அதையும் சொல்வதில்லை. போனில் பக்கத்தைத் திறந்து பார்ப்பார், சொல்வார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அவர் தெருவில் நடந்தால் கடைக்காரர்கள் எழும்பி நிற்பார்கள். லயத்தில் பிறந்த மனிதனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் கோபம் குறைகிறதா என்று கேட்காதீர்கள்.

என் மூத்த சகோதரி ஸுபைதா ராத்தாவின் மகள் நுஸ்ராவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். அதனால் வீட்டைத் திருத்தவேண்டும். ராத்தாவின் புருஷன் ஸக்கரியா மச்சான் கறுவா, மிளகு வாங்கி விற்கிறவர். அவர் முன்பக்கத்து அறைக்குப் புதுச் சாந்து பூசி, புதுக் கட்டில், மெத்தை, அலுமாரி எல்லாம் வாங்கிப்போட்டுவிட்டார். மிச்சம் இருந்தது கூரை. பழைய தகரம் முழுக்கத் துரு. அதைக் கழற்றிவிட்டுப் புதுத் தகரம் போடவேண்டும்.

ஒக்டோபர் மாதம். எங்கள் பக்கத்தில் ஒக்டோபர் பின்னேரத்தை நம்பி உடுப்புக்கூடக் காயப்போட முடியாது. ஆனால் மச்சானுக்கு என்ன பயம்? மழை றெக்சன் நாலு வீடு தள்ளி இருக்கிறாரே. விடிய சுபஹு தொழுதுவிட்டு நேரே அங்கே போனார். நானும் கூடவே போனேன். அண்ணன் வாயில் பல் துலக்கும் பிரஷ். போனைத் திறந்து பார்த்தார்.

"தாராளமா கழட்டுங்க நானா. இன்னைக்கு ஒரு பொட்டு மழை கிடையாது."

"மெய்யா தம்பி? பொம்புளப் புள்ளட சாமான் எல்லாம் உள்ளுக்கு."

"நான் சொல்றேன்ல."

நான்தான் தகரம் ஏற்றிவரவேண்டிய ஆள். "அவசரமில்ல, பகல் சாப்பாட்டுக்கு முந்தி வந்தாச் சரி. றெக்சன் தம்பி செல்லிட்டார்தானே" என்று மச்சான் என்னிடம் சொன்னார். இந்தச் சொல்லை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒருவரும் ஞாபகம் வைக்கவில்லை. நான் கடைக்குப் போனேன், ஒரு பிளேன்டீ குடித்தேன், தகரத்தை ஏற்றினேன், நடுப்பகல் ளுஹர் பாங்குக்கு முன்னால் வாசலில் இறக்கினேன். கூரை வேலைக்கு வந்த பாஸ்மார் பழைய தகரம் முழுவதையும் கழற்றி அடுக்கிவிட்டு எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். குசினிப் பக்கம் புதுத் தகரம் ஏறியது. நடு வீட்டுக்கும் பாதி ஏறியது. அப்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

அல்லாஹ்வே, அது என்ன மழை! வானத்தைக் கிழித்துவிட்டது போலக் கொட்டியது. கூரையில்லாத முன்னறைக்குள் மாப்பிள்ளைக் கட்டில் நின்று நனைந்தது. மெத்தை தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊதியது. அலுமாரிப் பலகை உப்பி, கதவு மூடாமல் வாய் பிளந்துகொண்டு நின்றது. ராத்தா சாரிப் பெட்டியின்மேல் குப்புற விழுந்து கிடந்தார்; ஆனாலும் கலியாணச் சாரியில் மற்றச் சாரியின் சாயம் இறங்கிவிட்டது. நுஸ்ரா ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். கூரை இல்லாத வீட்டுக்குள் தண்ணீர் அள்ளி என்ன பயன்? நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வேலை முடிந்து அண்ணன் கூரையை மூட ஒரு பெரிய தறப்பாளோடு ஓடிவந்தார். ஊர் ஆட்கள் எல்லோரும் அங்கேதான். அவரைக் கண்டதும் ஸக்கரியா மச்சான் சொன்னார்: "இவர் பகல் கோல் எடுத்தும் சென்னார்! 'நானா, வானம் மாறுற மாதிரி, சீக்கிரம் முடிங்க' எண்டு சென்னார். தகரம் நேரத்தோட வந்திருந்தா முடிஞ்சிருக்கும்."

அவ்வளவுதான். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"மச்சான், நீங்கதானே அவசரமில்ல எண்டு..." என்று நான் ஆரம்பித்தேன். "செல்லாத" என்று ராத்தா கத்தினார். "ஒண்டும் செல்லாத. எங்கயாவது கடையில குந்தி டீ குடிச்சிருப்பாய். தாய்மாமன் எண்டு செல்லிக்க வெக்கமில்லையா ஒனக்கு?" ஒரு பிளேன்டீ குடித்தது உண்மைதானே. றெக்சன் அண்ணனைப் பார்த்தேன். அவர் தறப்பாள் கயிற்றைத் தூணில் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டார், அவிழ்த்தார், திரும்பப் போட்டார். என் பக்கம் திரும்பவேயில்லை.

நடந்தது இதுதான், எனக்கே பிற்பாடுதான் தெரியவந்தது. முதல்நாள் இரவு கணக்கு பாதியில் செத்துப்போயிருந்தது. கணக்குகளைச் சேமித்து வைக்கிற டிஸ்க் நிறைந்துவிட்டது. எழுத இடமில்லாமல் முப்பத்திரண்டு கணினியும் சும்மா நின்றுவிட்டன. அந்த ஒற்றை வரி மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. முந்தின நாளின் கணிப்பை எடுத்து அன்றைய தேதியைப் போட்டுக் காட்டியது. முந்தின நாள் உண்மையிலேயே நல்ல வெயில். அண்ணன் பல் துலக்கிக்கொண்டு பார்த்தது அதைத்தான்.

சரி, இதுவரை பிழை. மனிதன் பிழை விடுவான். ஆனால் அலுவலகம் போய்க் கதிரையில் உட்கார்ந்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த நேரம் மச்சான் வீட்டில் குசினிப் பக்கத்துத் தகரத்தைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னறைக் கூரை அப்படியே இருந்தது. போனைக் கையில் எடுத்தார். என்ன சொல்வது? 'நானா, நான் பார்த்துச் சொன்னது நேற்றையது' என்றா? எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டார். டிஸ்க்கில் இடம் செய்து கணக்கைத் திரும்ப ஓடவிட்டார். புதுக் கணக்கிலும் மழை இல்லை என்று வந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லையே! அது ஓடி முடியப் பகலாகிவிட்டது. பின்னேரம் கடும் மழை என்று வந்தது. அப்போதுதான் மச்சானுக்கு அந்தக் கோல். அதிலும் உண்மையைச் சொன்னாரா? இல்லை. 'வானம் மாறுற மாதிரி இருக்கு' என்றார். ஜன்னல் இல்லாத அறைக்குள் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பற்றிச் சொன்னார்.

எனக்கு அதற்குப் பிறகு வந்த நாட்கள் நாய் படாத பாடு. ராத்தா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவன்கூட, "இண்டைக்கு நேரத்தோட வந்திட்டீங்க போல" என்று குத்திக்காட்டினான். சந்தியில் என்னைக் கண்டால் பொடியன்மார், "மாமா, தகரம் வந்திட்டா?" என்று கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். இரண்டு பேரை அடிக்கப் போனேன். பின்னே என்ன, அதற்கும் நான்தான் கெட்டவன். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பிளேன்டீயைக் குடிக்காமல் வந்திருந்தால் முன்னறைக்கு ஏறியிருக்குமோ? நுஸ்ராவை வழியில் கண்டால் லொறியைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போவேன். கையில் தூக்கி வளர்த்த பிள்ளை. செய்யாத பிழைக்காக நான் அவ்வளவு வெட்கப்பட்டேன்.

அண்ணனோ, வேலைவிட்டு வந்ததும் நேரே மச்சான் வீட்டுக்குப் போய், நனைந்த சுவரைச் சுரண்டிப் பெயின்ற் அடித்துக்கொடுத்தார். ஊர் அதையும் மெச்சியது. "படிச்ச மனிசன், எவ்வளவு பணிவு!" என்றார்கள். என்னை ஒருவரும் பெயின்ற் அடிக்கக் கூப்பிடவில்லை.

ஒருநாள் சவரியம்மா தெருவில் கையைக் காட்டி என் லொறியை நிறுத்தினார்.

"தம்பி, ஒனக்கும் எம் மகனுக்கும் ஏதும் சண்டையா?"

"எனக்கா? எனக்கு ஒண்டுமில்ல அம்மா. ஏன்?"

"ரெண்டு ஞாயிறா அவன் நன்மை எடுக்கல. கோயிலுக்கு வர்றான், பூசை பாக்குறான், எல்லாரும் சாமிகிட்ட நன்மை அப்பம் வாங்க எழும்பி போகக்குள்ள இவன் மட்டும் பெஞ்சுல குந்தியிருக்கான். மனசுல பாவம் இருந்தாத்தான்பா அப்படி இருப்பாங்க. கேட்டா, ஒண்ணுமில்லேங்குறான். ஒங்க வீட்டு மழைக்கு அப்புறந்தான் இப்படி. ஒன் பேர சொன்னாலே எழும்பி போயிர்றான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவரு ஏன் அம்மா எனக்குக் கூச்சப்படணும்? கூச்சப்படுற ஆள் நான்தான்" என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்தேன். நான் ஒரு மடையன்.

கலியாணத் தேதியை மாற்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். நனைந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. நிக்காஹ் முடிந்து, வீட்டு வாசலில் போட்ட பந்தலில் ஆண்களுக்குச் சஹன் வைத்தார்கள். சஹன் என்றால் பெரிய தட்டு. புரியாணி போட்டு நடுவில் வைப்பார்கள், ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடவேண்டும். முதல் சஹனில் மௌலவி, மாப்பிள்ளையின் வாப்பா, ஸக்கரியா மச்சான், இன்னும் இரண்டு பெரியவர்கள். ஆறாவது இடம் தாய்மாமனுடையது. என்னுடையது. அந்த இடத்தில் மச்சான் றெக்சன் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பெண்கள் பக்கமிருந்து ராத்தா திரையை விலக்கி என்னைப் பார்த்தார். அந்த மழைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை: "தண்ணி ஊத்துற பொடியனுகளக் காணல்ல. நீ கெண்டிய எடு."

கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது பத்துப் பன்னிரண்டு வயதுப் பொடியன்களின் வேலை. நான் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஆனாலும் எடுத்தேன். ஒரு கையில் கெண்டி, மறுகையில் பேசின். மௌலவிக்கு ஊற்றினேன்; "போதும்" என்றார், நிறுத்தினேன். கை கழுவுகிறவர் போதும் என்று சொல்லும்வரை ஊற்றவேண்டும், அதுதான் முறை. மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு ஊற்றினேன், போதும் என்றார். அடுத்தது றெக்சன் அண்ணன். அவர் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நீ ஊத்தாத தம்பி."

"ஏன் அண்ணன்? நான் ஊத்தினா தண்ணி பிந்தி வருமா?"

பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையின் வாப்பாகூடச் சிரித்தார். அண்ணன் எழும்பிவிட்டார்.

"ஸக்கரியா நானா, ஹுஸ்னி பிந்தி வரலீங்க. பிழை எம்மேல. நான் அன்னைக்கு சொன்னது முந்துன நாளு கணிப்பு. கணக்கு ஓடல. டிஸ்க் நெறஞ்சு போச்சு. ஓடலேன்னா பழசையே காட்டுற மாதிரி நான்தான் ஒரு வரி எழுதி வெச்சிருந்தேன்."

டிஸ்க், வரி என்றது ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு ஸக்கரியா மச்சான் எழும்பி அவர் தோளில் கையைப் போட்டார். "பாத்தீங்களா? மாமன்காரன் சபையில தலை குனிஞ்சு நிக்கிறது பொறுக்காம, பழிய தன்ட தலையில போடுறார். என்ன மனிசன் இவர்!" மௌலவி "மாஷா அல்லாஹ்" என்றார். "இல்லீங்க நானா, மெய்யாத்தான்" என்று அண்ணன் டிஸ்க்கையும் வரியையும் பற்றி இன்னும் விளக்கப்போனார். அவர் விளக்க விளக்க, அவர்கள் இன்னும் உருகினார்கள். அவருக்குப் பின்னால் இருந்த ஒருவர், "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார்.

அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் குற்றம். ஆனால் நான் நம்பினேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அவரை எனக்குத் தெரியும். பொய் சொல்லும்போது நிமிர்ந்து நிற்பார், இப்போது கூனிக்கொண்டு நின்றார். பேசினோடு அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று நினைத்தேன். கவிழ்க்காமல் கேட்டேன்.

"எப்ப தெரியும் அண்ணன் ஒங்களுக்கு? மழை வந்த பிறகா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த நாளுக்குப் பிறகு முதன்முதலாக.

"இல்ல தம்பி. காலையில. ஒபிஸுக்கு போனதுமே."

"அந்நேரம் முன்னறைக் கூரை ஈந்துச்சி."

"இருந்துச்சு. கோல் எடுக்கத்தான் போனேன். பிழைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. எடுக்கல. பகல் எடுத்த கோலும் பொய்தான். மழை வரப்போகுதுன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்."

இதை விளங்கிக்கொள்ள யாருக்கும் கணினி தெரியத் தேவையில்லை. ஸக்கரியா மச்சானின் கை அண்ணனின் தோளிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. திரைக்குப் பின்னால் நுஸ்ராவின் வளையல் சத்தம் கேட்டு நின்றது. மச்சான் என்னைப் பார்க்க முடியாமல் புரியாணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தான் அவசரமில்ல எண்டு சென்ன" என்று யாருக்கோ சொல்வது போல முணுமுணுத்தார்.

ராத்தா திரையை முழுவதாக விலக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் வந்தார். அழுதுகொண்டே கத்தினார். "ஹுஸ்னி, வெய் அந்தக் கெண்டிய! வெய் எண்டு செல்றேன்! வந்து ஒன்ட எடத்துல உக்காரு!"

ஆறு பேருக்குத்தான் இடம். அண்ணன் விலகி வெளியே வந்தார். நான் கெண்டியைக் கீழே வைக்கப்போனேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பேசினையும் வாங்கிக்கொண்டார். மழை றெக்சன், முப்பத்திரண்டு கணினிக்குக் கங்காணி, தேய்த்த சேர்ட்டும் சப்பாத்துமாகப் பொடியன்களின் வேலைக்கு நின்றார்.

"கைய நீட்டு தம்பி" என்றார்.

நீட்டினேன். ஊற்றினார். பாதித் தண்ணீர் என் சட்டைக் கையில் சிந்தியது. வலது கையைக் கழுவினேன். விரல் ஒவ்வொன்றாகக் கழுவினேன். எப்போதோ கழுவி முடிந்துவிட்டது. பேசின் நிறைந்து அவர் சப்பாத்தில் வழிந்தது. மௌலவி தொண்டையைச் செருமினார். அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டு ஊற்றினார்.

கெண்டி காலியாகும்வரை நான் போதும் என்று சொல்லவில்லை.